விண்மீனின் இடத்தை அளந்து அதன் துணையைக் கண்டறிதல்: மட்டக்களப்பிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாக அளந்து, அவற்றுக்குத் துணை உண்டா, உண்டென்றால் அதன் திணிவு என்ன என்று அறியும் வேலையை மட்டக்களப்பில் இருந்துகொண்டே செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். ஆனால் நான் செய்த ஒழுங்கில் செய்யாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். நான் முதலில் தொலைகாட்டியை வாங்கினேன், பிறகு அதை வைக்க இடம் தேடினேன், பிறகு எதை அளப்பது என்று யோசித்தேன், எல்லாம் முடிந்த பின்னரே இலவசமாகக் கிடைக்கும் தரவைத் திறந்து பார்த்தேன். ஒரு கச்சான் காற்றுப் பருவம் முழுவதும் அதிலேயே போய்விட்டது. கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி எழுதப்பட்டவை. முதல் ஐந்து படிகளுக்கு ஒரு மடிக்கணினியும் இணையமும் போதும். பணம் ஆறாவது படியில்தான் வேண்டும்.

1. அளவுகோலை முதலில் மனதில் பதியுங்கள்

பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் பாகை, கலை, விகலை என்ற சொற்கள் பழக்கமானவை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. கல்லடிப் பாலத்தில் நிற்கும் ஒருவருக்கு, 4 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இன்னொருவர் பிடித்திருக்கும் 2 சென்ரிமீற்றர் அகல நாணயம் எவ்வளவு கோணத்தில் தெரியுமோ, அது ஏறத்தாழ ஒரு விகலை. நம் வீட்டு முற்றத்தில் வைக்கும் தொலைகாட்டியால், பொறுமையாக வேலை செய்தால், இரண்டு விண்மீன்களுக்கு இடையிலான இடைவெளியை இந்த ஒரு விகலையின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரியாகச் சொல்லலாம்.

ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் கையா விண்கலம், ஓரளவு ஒளிமிக்க விண்மீன்களுக்கு இதே வேலையை 0.02 மில்லி விகலை வழுவுக்குள் செய்திருக்கிறது. அதாவது அதே நாணயத்தைச் சந்திரனுக்குப் போகும் வழியில் பாதித் தூரத்துக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்தது போல. இந்த வேறுபாட்டை உணராமல் தொடங்குபவர்கள், கையா ஏற்கனவே செய்து முடித்ததைக் கையால் திரும்பச் செய்ய முயன்று களைத்துப் போகிறார்கள். கையாவால் முடியாதது எது என்று தேடி, அங்கேதான் நாம் தொலைகாட்டியை நீட்ட வேண்டும்.

2. தரவுக் காப்பகத்தில் நுழையுங்கள்

2022 யூன் 13ஆம் திகதி வெளியான கையாவின் மூன்றாம் தரவுத் தொகுப்பில் ஏறத்தாழ 180 கோடி ஒளிமூலங்கள் உள்ளன. அவற்றுள் 146 கோடி அளவுக்கு இடம், இடமாறு தோற்றம் (தூரத்தைக் காண உதவும் அளவு, 4ஆம் படியில் விளக்கம் உண்டு), வான்வெளியில் நகரும் வேகம் ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை, பல்கலைக்கழகக் கடிதம் வேண்டாம், அடையாள அட்டைப் பிரதியும் வேண்டாம். கணக்குத் திறக்காமலே தேடலாம். ஆனால் கணக்குத் திறந்தால் உங்கள் தேடல் விளைவுகளை அங்கேயே சேமித்து வைக்கலாம் என்பதால், ஒரு மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்துகொள்வதே நல்லது. இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களில் இருப்போருக்கு இந்தச் சேமிப்பு மிகவும் உதவும்.

இதனுடன் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து வானியல் தரவு நிலையத்தின் சிம்பாட், விசியர் ஆகிய இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள். விண்மீனின் பெயரைக் கொடுத்தால் அதன் மற்றப் பெயர்களையும் இலக்கங்களையும் சிம்பாட் தரும். பழைய, புதிய அட்டவணைகளை விசியர் திறந்து காட்டும். தரவிறக்கிய அட்டவணைகளை ஒப்பிட்டு வரைபு வரைய டொப்கற் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒரு சிறு வட்டத்துக்குள் தேடினால் வரும் கோப்பு சில மெகாபைற்றைத் தாண்டாது. கைத்தொலைபேசியின் டேற்றாவே போதும். நான் ஆரம்பத்தில் ஆசைப்பட்டு ஒரு முழு விண்மீன்குழுவையே கேட்டு, இரவு முழுவதும் காத்திருந்து, விடியற்காலையில் இணைப்பு அறுந்து வெறுங்கையோடு எழுந்தேன். ஆரையைச் சிறிதாக வையுங்கள்.

3. முதல் தேடலை 61 சிக்னியில் செய்யுங்கள்

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது அன்னக் கூட்டத்தில் உள்ள 61 சிக்னி என்ற இரட்டை விண்மீன். வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது, சிறு தொலைகாட்டியிலும் இரண்டாகப் பிரிவது, கையாவிலும் இரண்டு உறுப்புகளுக்கும் அளவு இருப்பது என்று எல்லா வகையிலும் பொருத்தமானது.

இங்கேதான் முதல் பொறி. நான் 2000ஆம் ஆண்டு நிலைக்குரிய ஆள்கூறுகளை ஒரு பட்டியலில் இருந்து எடுத்து, நானே தட்டச்சு செய்து, 5 விகலை ஆரையில் தேடினேன். ஒரு நிரைகூட வரவில்லை. ஆள்கூற்றைத் தவறாக அடித்துவிட்டேனோ என்று நான்கு முறை சரிபார்த்தேன். பிறகு காப்பகமே பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிப் படுத்துவிட்டேன். பழுது என்னிடம்தான் இருந்தது. கையாவின் மூன்றாம் தொகுப்பில் உள்ள இடங்கள் 2016ஆம் ஆண்டின் தொடக்க நிலைக்குரியவை. 61 சிக்னி ஆண்டுக்கு 5.3 விகலை அளவுக்கு நகரும் விண்மீன். 16 ஆண்டுகளில் அது 84 விகலை தள்ளிப் போயிருந்தது. நான் ஆள் வெளியேறிப்போன வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதலில் அது எந்த ஆண்டு நிலைக்குரியது என்று பாருங்கள். கையாவுக்கு முந்தைய விண்கலமான ஹிப்பார்க்கோஸின் அட்டவணை நிலை 1991.25. வேகமாக நகரும் விண்மீன்களுக்கு ஆரையை 2 கலை அளவுக்கு விரித்துத் தேடிவிட்டு, பிறகு ஒளிப்பருமனைக் (எவ்வளவு ஒளியாகத் தெரிகிறது என்பதற்கான எண்) கொண்டு வடிகட்டுவதே பாதுகாப்பான வழி.

இரண்டாம் பொறி கோசைன். இரண்டு விண்மீன்களின் இடைவெளியைக் கணக்கிடும்போது வல ஏற்ற (வானில் கிழக்கு மேற்கு ஆள்கூறு) வேறுபாட்டை நடுவரை விலக்கத்தின் (வடக்கு தெற்கு ஆள்கூறு) கோசைனால் பெருக்க வேண்டும். ஆனால் கையா தரும் வல ஏற்ற நகர்வு வேகம் ஏற்கனவே அந்தக் கோசைனால் பெருக்கப்பட்டே வருகிறது. முதலாவதில் பெருக்க மறந்தும் இரண்டாவதில் இன்னொரு முறை பெருக்கியும் நான் பெற்ற விடைகள், ஒன்றின் பிழையை மற்றது மறைத்ததால், பார்ப்பதற்கு நியாயமாகவே இருந்தன. அதனால் அந்தப் பிழை பல வாரம் என்னுடனேயே இருந்தது.

4. துணையா, வழிப்போக்கரா என்று தீர்மானியுங்கள்

வானில் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதெல்லாம் சோடி அல்ல. ஒன்று முன்னாலும் மற்றது வெகு பின்னாலும் நிற்கலாம். மூன்று சோதனைகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலாவது, இடமாறு தோற்றம். புவி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் ஓர் ஆண்டில் முன்னும் பின்னும் அசைவது போலத் தெரியும் அளவு இது. மில்லி விகலையில் உள்ள இந்த எண்ணால் 1000ஐ வகுத்தால் தூரம் பார்செக்கில் வரும். 61 சிக்னியின் இரண்டு உறுப்புகளுக்கும் இது 286.0 மில்லி விகலையை ஒட்டி இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 3.5 பார்செக், அதாவது 11.4 ஒளியாண்டு. இரண்டு எண்களும் வழு எல்லைக்குள் ஒத்துப்போனால் அடுத்த சோதனைக்குப் போகலாம். வழுக்களை வெறுமனே கூட்டாதீர்கள்; இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். மங்கலான விண்மீன்களில் சிலவற்றுக்கு இடமாறு தோற்றம் எதிர்மறை எண்ணாகவும் வரும். அது கணினியின் கோளாறு அல்ல. அளக்கப்படும் பொருள் மிகத் தொலைவில் இருந்து, வழு அளவைவிடப் பெரிதாகும்போது இயல்பாக நேர்வது. இடமாறு தோற்றம் தன் வழுவைப் போல 10 மடங்காவது இல்லாத விண்மீனுக்கு 1000ஐ வகுத்துத் தூரம் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, நகர்வு. இரண்டும் ஒரே திசையில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போக வேண்டும். “ஏறத்தாழ” என்ற சொல்லில்தான் விடயமே இருக்கிறது, ஏனென்றால் ஒன்றையொன்று சுற்றும் விண்மீன்களின் வேகம் முற்றிலும் ஒன்றாக இருக்க முடியாது. 61 சிக்னியின் இரு உறுப்புகளுக்கும் இடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 110 மில்லி விகலை வேறுபாடு இருக்கிறது. இதைக் கண்டதும் இவை சோடி அல்ல என்று நான் தாளில் எழுதி அடிக்கோடும் இட்டேன். மூன்றாவது சோதனையைச் செய்யாமல் எழுதியது அது.

மூன்றாவது சோதனை, அந்த வேறுபாட்டை உண்மையான வேகமாக மாற்றுவது. ஆண்டுக்கு 0.110 விகலை என்பதை 4.74ஆல் பெருக்கி, விகலையில் உள்ள இடமாறு தோற்றமாகிய 0.286ஆல் வகுத்தால், செக்கனுக்கு 1.8 கிலோமீற்றர் வருகிறது. இப்போது இடைவெளியைப் பாருங்கள். வானில் 32 விகலைக்குச் சற்றுக் குறைவு, அதை 0.286ஆல் வகுத்தால் 111 வானியல் அலகு (ஓர் அலகு என்பது புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்). இரண்டின் திணிவும் சேர்ந்து சூரியனைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு. அந்தத் தூரத்தில் இந்தத் திணிவின் பிடியிலிருந்து தப்பிப்போக வேண்டிய வேகத்தைக் காண, 1.3ஐ 111ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 42.1ஆல் பெருக்குங்கள். செக்கனுக்கு 4.6 கிலோமீற்றர் வரும். 1.8 என்பது அதற்கு மிகவும் கீழே. ஆகவே பிடியை விட்டுப் போகவில்லை. நாம் அளந்தது வானின் தளத்தில் உள்ள வேகம் மட்டுமே என்பதையும், நம்மை நோக்கிய வேகம் சேர்ந்தால் இந்த எண் கூடலாம் என்பதையும் குறிப்பில் எழுதி வையுங்கள்.

அழகை நம்பி ஏமாற வேண்டாம். மஞ்சளும் நீலமுமாக எல்லோருக்கும் காட்டப்படும் அல்பிரியோ என்ற இரட்டையின் இரு உறுப்புகளும் உண்மையில் ஈர்ப்பால் கட்டுண்டவையா என்பது கையாவின் நகர்வு அளவுகளுக்குப் பிறகு பெரிதும் ஐயத்துக்குரியதாகிவிட்டது.

5. கண்ணுக்குத் தெரியாத துணையைத் தேடுங்கள்

இந்தத் துறையின் உண்மையான சுவை இங்கேதான் இருக்கிறது. துணை தெரியாவிட்டாலும், அது இழுக்கும் இழுப்பில் விண்மீன் நேர்கோட்டில் போகாமல் சற்றே வளைந்து வளைந்து போகும். அந்த வளைவை வைத்து, பார்க்காத துணையைப் பற்றிப் பேசலாம். 10 பார்செக் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு, வியாழன் இழுப்பதால் நம் சூரியன் காட்டும் அசைவு அரை மில்லி விகலை அளவே. அதனால்தான் இது விண்கலத்தின் வேலை.

காப்பகத்தில் ருவே (RUWE) என்ற ஒரு நிரல் இருக்கிறது. ஒரு தனி விண்மீன் எப்படி நகர வேண்டுமோ அந்த மாதிரியோடு அளவுகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை அது சொல்லும். 1ஐ ஒட்டி இருந்தால் நன்றாகப் பொருந்துகிறது, 1.4ஐத் தாண்டினால் ஏதோ இடறுகிறது. அந்த “ஏதோ” துணையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு விகலைக்குள் இன்னொரு விண்மீன் ஒட்டி நின்றாலும், நெரிசலான பால்வீதிப் பகுதியாக இருந்தாலும் இந்த எண் ஏறும். ருவே கூடிய விண்மீன்களை எல்லாம் பட்டியலிட்டு “புதிய இரட்டைகள்” என்று தலைப்பிட்டுவிடாதீர்கள். மறுபக்கமும் உண்டு: பிரிந்து தெரியாத இரண்டு விண்மீன்கள் ஒளியிலும் திணிவிலும் சமமாக இருந்தால், அவற்றின் ஒளி மையமும் திணிவு மையமும் ஒன்றாகவே இருக்கும், ஒளி மையம் அசையவே அசையாது. அப்படிப்பட்ட இரட்டை, அசைவைத் தேடும் கண்ணுக்கு முன்னாலேயே தனி விண்மீனாக நின்றுகொண்டிருக்கும்.

அடுத்ததாக, தனி அல்லாத விண்மீன்களுக்கென்று இத்தொகுப்பில் உள்ள தனி அட்டவணைகளைப் பாருங்கள். சுற்றுப்பாதை முழுவதும் தீர்க்கப்பட்டவை ஓர் அட்டவணையிலும், வேகம் மாறுவது மட்டும் தெரிந்தவை இன்னோர் அட்டவணையிலும் இருக்கின்றன. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன், 186 நாளுக்கு ஒரு முறை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றுகிறது என்பது இந்த வழியில்தான் 2022இல் வெளிவந்தது. அந்தத் துணை சூரியனைப் போல் 9 மடங்குக்கு மேற்பட்ட திணிவுள்ள கருந்துளை. கையா பிஎச் 1 என்று அதற்குப் பெயர்.

கால எல்லையை மறக்க வேண்டாம். மூன்றாம் தொகுப்பு 34 மாத அவதானிப்பைக் கொண்டது. அதைவிட மிக நீண்ட சுற்றுக்காலம் உள்ள துணை, பாதையாகத் தெரியாமல் ஒரு சிறு வளைவாகவே தெரியும். இதற்கு மருந்து ஹிப்பார்க்கோஸ். 1991.25இல் அது அளந்த இடத்தையும் 2016இல் கையா அளந்த இடத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், ஏறத்தாழ 25 ஆண்டுக்கான சராசரி நகர்வு கிடைக்கும். அந்தச் சராசரியும் கையா தன் குறுகிய காலத்தில் அளந்த நகர்வும் வழுவைத் தாண்டி வேறுபட்டால், விண்மீனை யாரோ இழுக்கிறார்கள். ஹிப்பார்க்கோஸ் அட்டவணையில் ஒளிமிக்க 118,000 விண்மீன்கள் மட்டுமே இருப்பதால், இந்த வழி மங்கலானவற்றுக்குத் திறக்காது. 66 மாத அவதானிப்பைக் கொண்ட நான்காம் தொகுப்பை 2026 டிசெம்பரில் வெளியிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எடுத்த தனித்தனி அளவுகளும் அதில் வரும் என்பதால், இப்போதே டொப்கற்றில் கை பழகியவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

6. இதற்குப் பிறகு கருவியை வாங்குங்கள்

கையா மிகவும் ஒளிமிக்க விண்மீன்களில் தடுமாறும். தெற்கு வானின் ஒளிமிக்க இரட்டையான அல்பா சென்ரோரியின் இரு உறுப்புகளும் மூன்றாம் தொகுப்பில் இல்லவே இல்லை. ஒரு விகலையை ஒட்டி நெருங்கிய சோடிகளிலும் அதற்குச் சிக்கல். அத்துடன் விண்கலம் 2025 சனவரியில் அவதானிப்பை நிறுத்திவிட்டது. ஒளிமிக்க, 2 முதல் 10 விகலை இடைவெளியுள்ள, பாதையில் தொடர்ந்து நகரும் சோடிகள்தான் நம் பங்கு.

6 அல்லது 8 அங்குல நியூற்றன் வகைத் தொலைகாட்டி, கோள்களைப் படம்பிடிக்கும் ஒரு சிறு கெமரா, படத்தை 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லை, மோட்டாருடன் சுழலும் தாங்கி ஆகியவை போதும். தாங்கியை வாங்கும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இதன் அச்சை 7 பாகை வரை தாழ்த்த முடியுமா? மட்டக்களப்பு 7.7 பாகை வடக்கில் இருப்பதால், துருவ விண்மீன் நம் அடிவானத்தில் இருந்து 8 பாகையை ஒட்டியே நிற்கும். குளிர்நாடுகளுக்கென்று செய்யப்பட்ட சில தாங்கிகளின் திருகாணி அவ்வளவு தாழாது. தாழ்ந்தாலும் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். என் தாங்கிக்கு வெல்டிங் கடையில் ஒரு சிறு இரும்புக் குழாயைச் செய்து, முக்காலிக்கும் தாங்கிக்கும் நடுவில் வைத்து உயர்த்தித்தான் அந்த இடியைத் தவிர்த்தேன்.

வெளிநாட்டில் இருந்து வரவழைப்பவர்கள் வணிகப் பற்றுச்சீட்டு, பணம் செலுத்திய வங்கிச் சான்று, விமானப் பொதிச்சீட்டு, தேசிய அடையாள அட்டைப் பிரதி, பொருளின் விவரமும் படமும் உள்ள ஒரு தாள் ஆகிய ஐந்தையும், பொதி புறப்படும் முன்னரே கொமினிகேசனில் இரண்டு பிரதி எடுத்து வைத்திருங்கள். “ஒளியியல் உபகரணம்” என்று பொதுவாக எழுத விடாதீர்கள். தொலைகாட்டிகள் சுங்க வகைப்பாட்டில் 90.05 என்ற தலைப்பில் வருகின்றன. அந்த இலக்கத்தையும் பொருளின் பெயரையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். என் பொதி மூன்று வாரம் கிடந்ததற்குக் காரணம் மிகச் சிறியது: பற்றுச்சீட்டில் பொருளின் விலை மட்டும் இருந்தது, வங்கிச் சான்றில் அனுப்புகூலியும் சேர்ந்திருந்தது. இரண்டு தொகையும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கக் கடிதம் கொடுத்து முடிப்பதற்குள் களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. அனுப்புகூலி, வரி, களஞ்சியம் எல்லாம் சேர்ந்து முடிந்தபோது, கருவியின் விலையை ஒத்த இன்னொரு தொகை கையை விட்டுப் போயிருந்தது. அந்த அளவு பணத்தை ஒதுக்காமல் கட்டளை கொடுக்காதீர்கள்.

7. இடத்தையும் பருவத்தையும் தெரிவு செய்யுங்கள்

ஐப்பசியில் இருந்து தை வரை மழையும் மேகமும். அந்த மாதங்களைத் தரவு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். மாசி முடிவில் வானம் திறக்கத் தொடங்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் வானம் தெளிவாகத் தெரிந்தாலும், முன்னிரவில் சூடேறிய நிலத்தில் இருந்து எழும் காற்று விண்மீனைக் கொதிக்க வைக்கும். நள்ளிரவுக்குப் பிறகு நிலம் ஆறும். அப்போது எடுத்த படங்களே என்னிடம் பயன்பட்டன.

எழுவான்கரையில் ஊர்வெளிச்சமும் உப்புக் காற்றும் தொல்லை. இரட்டை விண்மீன் அளவீட்டுக்கு ஊர்வெளிச்சம் பெரிய தடை அல்ல என்பதால் கல்லடி மொட்டைமாடியிலேயே தொடங்கலாம். ஆனால் கண்ணாடியை உப்பு அரிக்கும், ஆகவே வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் வையுங்கள். வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் வானம் கறுத்திருக்கும். அங்கே யானை உண்டு. பெரியப்பாவின் வயல் வாடியில் நான் கருவியை நிறுத்திய முதல் இரவு அவர் சொன்னது இது: “வானத்தையே பார்த்துக்கொண்டு நிக்காத மனே, இடைக்கிடை வேலிப்பக்கமும் பாரு.” தனியாகப் போக வேண்டாம்; இரவு முழுக்க இருக்கப் போவதைக் கிராம சேவகருக்கும் அயலில் காவல் இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாய் போன்ற ஒரு பொருளை வானத்துக்கு நீட்டிக்கொண்டு இருட்டில் நிற்பவரிடம் ரோந்து வருபவர்கள் கேள்வி கேட்பது இயல்பு. சுங்கப் பத்திரத்தின் பிரதியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் பேச்சு விரைவில் முடியும்.

என் ஆண்டு ஒழுங்கு இதுதான்: பங்குனி, சித்திரையில் கன்னிக் கூட்டத்தின் போரிமா என்ற இரட்டை, ஏறத்தாழ தலைக்கு நேரே, சித்திரை, வைகாசியில் தெற்கே அல்பா சென்ரோரி, ஆடி, ஆவணியில் வடக்கே 61 சிக்னி. அல்பா சென்ரோரி நமக்கு 22 பாகைகூட உயராது. அந்த உயரத்தில் வளிமண்டலம் ஒளியை நிறம் நிறமாக நீட்டிவிடும் என்பதால், ஒரு பச்சை அல்லது சிவப்பு வடிகட்டி இல்லாமல் அளந்த எண்ணை நம்பாதீர்கள்.

8. அளவீட்டைச் செய்யுங்கள்

நாம் அளப்பது இரண்டு எண்கள்: இடைவெளி, நிலைக்கோணம். நிலைக்கோணம் முதன்மை விண்மீனில் இருந்து வடக்கைத் தொடக்கமாகக் கொண்டு கிழக்கு வழியாக அளக்கப்படுவது.

முதலில் ஒரு படப்புள்ளி எத்தனை விகலை என்று காண வேண்டும். 3.75 மைக்ரோமீற்றர் புள்ளியுள்ள கெமராவும் 1200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் என்றால், 206.265ஐ 3.75ஆல் பெருக்கி 1200ஆல் வகுக்க 0.64 வரும்; 2 மடங்கு பார்லோவோடு 0.32. இது கடதாசிக் கணக்கு மட்டுமே. பார்லோ உண்மையில் 2 மடங்காக இருப்பது அரிது. வானத்திலேயே சரிபாருங்கள்: மோட்டாரை நிறுத்தி, போரிமாவைப் படத்தின் கிழக்கு விளிம்பில் இருந்து மேற்கு விளிம்புக்கு ஓட விடுங்கள். வானநடுவரையை (புவியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) ஒட்டிய விண்மீன் செக்கனுக்கு 15.04 விகலை ஓடும். 1280 புள்ளி அகலத்தைக் கடக்க 27 செக்கன் எடுத்தால் உங்கள் 0.32 சரி. அந்த ஓட்டத்தின் கோடே உங்களுக்கு மேற்குத் திசையையும் காட்டித் தரும். கெமரா எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும். ஒவ்வொரு இரவும், கெமராவைத் தொட்ட ஒவ்வொரு முறையும், இந்த ஓட்டத்தைப் பத்துத் தடவையாவது திரும்ப எடுங்கள். இதைச் சோம்பலால் தவிர்த்த இரவுகளின் படங்களை எல்லாம் நான் அழித்துவிட்டேன்.

பிறகு மோட்டாரை ஓடவிட்டு, செக்கனின் நூறில் ஒரு பங்கு போன்ற குறுகிய நேரத்தில் ஆயிரம் படம் எடுங்கள். 8 பிற் படம் ஒன்று 1.2 மெகாபைற் என்றால் ஆயிரம் படம் 1.2 கிகாபைற், ஓர் இரவுக்கு ஐந்து சோடி என்றால் வெளி வன்தட்டு இல்லாமல் சரிவராது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் மிகக் கூர்மையான ஐம்பதை மட்டும் தெரிந்து அளக்க, இரட்டை விண்மீன்களுக்கென்றே எழுதப்பட்ட ரெடுக் என்ற மென்பொருள் உதவும்.

தவறும் இடங்கள் மூன்று. மூலைக்கண்ணாடி பூட்டிய தொலைகாட்டியில் படம் கண்ணாடி விம்பமாகத் திரும்பிவிடும். கிழக்கு மேற்காகி நிலைக்கோணம் முழுவதும் பிழைக்கும். போரிமாவின் இரு உறுப்புகளும் ஏறத்தாழ ஒரே ஒளிப்பருமன் உள்ளவை என்பதால், எது முதன்மை என்று மாறிப்போய் நிலைக்கோணம் 180 பாகை புரளும். முந்தைய பதிவோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். மூன்றாவது, வடக்கை ஒட்டிய சோடிகளில் ஓர் இரவு 359 பாகையும் மறு இரவு 1 பாகையும் வந்தால், விரிதாள் அவற்றின் சராசரியைக் கண்ணை மூடிக்கொண்டு 180 என்று சொல்லும். எனக்குச் சொன்னது, அதை ஒரு கிழமை நம்பியும் இருந்தேன்.

ஒரே இரவின் ஆயிரம் படத்தைவிட ஐந்து இரவுகளின் நூறு நூறு படங்கள் மேலானவை. இரவுக்கிரவு வரும் வேறுபாட்டில் இருந்து நியம விலகலைக் கணக்கிட்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

9. திணிவைக் கணக்கிடுங்கள்

பாதையின் அரைப் பேரச்சை (நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி) விகலையில் எடுத்து, இடமாறு தோற்றத்தால் வகுத்து, அதன் கனத்தைச் சுற்றுக்கால வர்க்கத்தால் வகுத்தால், இரண்டு விண்மீன்களின் மொத்தத் திணிவு சூரியத் திணிவில் வரும். அல்பா சென்ரோரிக்கு அரைப் பேரச்சு 17.5 விகலை, இடமாறு தோற்றம் 0.751 விகலை, சுற்றுக்காலம் 79.8 ஆண்டு. வகுத்தால் 23.3 வானியல் அலகு, கனம் 12,650, சுற்றுக்காலத்தின் வர்க்கம் 6,368, விடை 1.99. கையாவில் இந்தச் சோடி இல்லை என்பதற்காக, பக்கத்தில் உள்ள புரொக்சிமா என்ற விண்மீனின் 0.768ஐ எடுத்துப் போடாதீர்கள். புரொக்சிமா நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது, அந்தச் சிறு வேறுபாடே விடையை 6 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிடும். இடமாறு தோற்றத்தில் ஒரு பங்கு வழு, கனம் எடுப்பதால், திணிவில் மூன்று பங்காகும்.

இது மொத்தம் மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரிக்க, பின்னணி விண்மீன்களை வைத்து இரண்டும் பொதுத் திணிவு மையத்தைச் சுற்றி எவ்வளவு எவ்வளவு அசைகின்றன என்று தெரிய வேண்டும். நம்முடைய ஓரிரு ஆண்டு அளவுகள் அதற்குப் போதாது; 80 ஆண்டுப் பாதையில் நாம் இடுவது ஒரு புள்ளி.

10. அளவை அனுப்புங்கள்

அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பேணும் வொஷிங்ரன் இரட்டை விண்மீன் அட்டவணையைத் திறந்து, உங்கள் சோடி கடைசியாக எந்த ஆண்டில் அளக்கப்பட்டது என்று பாருங்கள். பத்து, பதினைந்து ஆண்டாக யாரும் தொடாத சோடிகள் அதில் நிறைய உண்டு, உங்கள் அளவுக்கு அங்கே மதிப்புக் கூடும். கட்டுரையாக அனுப்ப, இரட்டை விண்மீன் அவதானிப்புகளுக்கென்றே ஓர் ஆங்கில இணைய ஆய்விதழ் இருக்கிறது. ஆண்டைத் தசமத்தில் எழுதிய திகதி, நிலைக்கோணம், இடைவெளி, இரண்டின் வழு, எத்தனை இரவு, எந்தக் கருவி, எந்த வடிகட்டி, அளவுகோலை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பவற்றை ஓர் அட்டவணையாக்குங்கள். மூலப் படங்களை அழிக்காதீர்கள். திருத்தம் கேட்டு வரும்போது பெரும்பாலும் கேட்கப்படுவது அந்த ஓட்டப் படங்களைத்தான். கோப்பின் பெயரிலேயே திகதி, சோடியின் பெயர், வடிகட்டி மூன்றையும் எழுதிவிடுங்கள், கணினியின் நேரத்தை ஒவ்வொரு இரவும் வேலை தொடங்கும் முன் கைத்தொலைபேசி நேரத்தோடு சரிபாருங்கள்.